கட்டிலை அறுத்துச் செய்த பெஞ்சு

கல்லூரி வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். வேதியியல் லேபில் குடுவைகளைக் கழுவி அடுக்குவதும், அமிலப் பாட்டில்களைப் பூட்டி வைப்பதும் அவள் வேலையாக இருந்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் அதை விட்டாள். விடச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. தம்பிக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள், நல்ல உத்தியோகம். இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவரை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது எல்லோருடைய கண்ணும் இவள் பக்கம் திரும்பியது. முடிவாகிவிட்டது.

மருத்துவமனையில் கழித்துப் போட்ட இரும்புக் கட்டில் ஒன்றை அப்பாவுக்காக வாங்கினார்கள். கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். அந்தக் கட்டிலில்தான் அவள் அவரைப் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தாள். மருந்து எரிந்தால் அவர் திட்டுவார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அறைக்குள் கால் வைக்க மாட்டான். வாசற்படியில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். அவருக்கு நாக்கு புரண்டு பதில் வருவதற்குள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும். அப்படியும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பாவின் முகம் மலரும். "வந்துட்டுப் போனான் பாத்தியா? எவ்வளவு வேலை அவனுக்கு!" என்று குழறிக் குழறி இவளிடமே சொல்வார்.

வீட்டைத் தம்பியின் பெயருக்கே எழுதி வைத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "அப்ப பொண்ணுக்கு?" என்று இழுத்தபோது, "அவளுக்கென்ன, ஒத்தை ஆளு. எங்கயாவது ஒண்டிக்குவா" என்றார் அப்பா. அப்போது அவள் பக்கத்தில் நின்று அவர் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே போனாள்.

அவர் போன பிறகு வீடு விலை போயிற்று. "வீட்டுல இருக்கிற இரும்புச் சாமானெல்லாம் நீயே எடுத்துக்கக்கா. எனக்கு எதுவும் வேணாம்" என்றான் தம்பி, கர்ணப் பிரபு மாதிரி. அப்படி வந்தவைதான் அந்தக் கட்டிலும், கதவு சரியாக மூடாத ஒரு பீரோவும்.

அவளுக்கு அதே தெருவில் ஒரு மாடி அறை கிடைத்தது. கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது. பீரோவைத் திறந்தால் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. கட்டில் இருந்தும் அவள் தரையில்தான் படுத்தாள். அதில் படுக்க அவளால் முடியவில்லை. அதன் காலில் இடித்து இடித்து முழங்காலில் நீலம் பாரித்தபோது, தெருமுனையில் இருந்த வெல்டிங் பட்டறைக்குப் போனாள்.

வெல்டர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பேசாம எடைக்குப் போட்டுருங்கக்கா. துருப்பிடிச்சுப் போச்சு."

"எனக்கும்தான் துருப்பிடிச்சுப் போச்சு. என்னை யாரு எடைக்கு எடுப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்ன செய்யணும்?"

"நான் கோடு போட்டுத் தர்ற இடத்துல அறுத்துக் குடுங்க. ஒட்டச் சொல்ற இடத்துல ஒட்டிக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சாக்பீஸால் அவளே கோடு போட்டாள். பீரோவை இடுப்பளவில் அறுத்து, கீழ்ப்பாதியின் மேல் ஒரு கல் பலகையை வைத்ததும் அடுப்பு மேடை தயாரானது. மேல்பாதியைச் சுவரோரம் நிறுத்திப் பாத்திர அலமாரி ஆக்கினாள். அதிலிருந்த சின்ன லாக்கரில் ஒரு காலத்தில் அம்மாவின் நகைகள் இருந்தன. அவையெல்லாம் தம்பியின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கரைந்துவிட்டன. இப்போது அதில் உப்பும் சர்க்கரையும் வைத்தாள், எறும்பு வரவில்லை.

கட்டிலைத்தான் ரொம்ப யோசித்துச் செய்தாள். தலைமாட்டுக் கம்பித் தடுப்பு அப்படியே சாய்மானமானது. கால்மாட்டுத் தடுப்பை நடுவில் அறுத்ததில் இரண்டு பக்கத்துக்கும் கை வைக்கும் தடுப்புகள் கிடைத்தன. நீளச் சட்டங்களைக் குறைத்து உட்காரும் இடத்துக்குச் சட்டம் கட்டினாள். மொட்டை மாடியில் உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினாள், உப்புத்தாளால் தேய்த்தாள், சிவப்பு பிரைமர் அடித்துக் காயவிட்டாள். தேய்க்கத் தேய்க்க மருந்து வாடை வருவது போலவே இருந்தது. வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை தேய்த்தாள். கடைசியில் கரும்பச்சை எனாமல். பழைய போர்வைகளை உள்ளே திணித்து, தடித்த துணியில் ஒரு மெத்தையும் தைத்துப் போட்டாள்.

ஜன்னலோரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து முதல் டீயைக் குடித்தபோது, தனக்கென்று ஒன்றைச் செய்து அதில் தானே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. டீ ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தச் சுகம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் விருந்துக்கு அழைக்கத் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வந்தார்கள். தம்பி பெண்டாட்டி உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "அண்ணி, இது எந்தக் கடையில வாங்கினது?"

"கடையா? அப்பா கட்டில்தான்."

தம்பி பெண்டாட்டி சட்டென்று எழுந்துவிட்டாள். பிறகு சுற்றி வந்து பார்த்து, புருஷனிடம் கண்ணால் ஏதோ சொன்னாள். மறுநாள் தம்பி மட்டும் வந்தான்.

"நம்ம ஹாலுக்கு இது ரொம்ப எடுப்பா இருக்கும்கா. உனக்கு இந்த ரூம்ல எதுக்கு இவ்வளவு பெருசு?"

"எனக்கு வேணும்டா."

"அப்பா ஞாபகமா எங்கிட்ட ஒரு துரும்புகூட இல்லக்கா." அவன் குரல் உடைந்தது. அவன் அழுது அவள் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூடக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அவள் மனசு இளகிவிட்டது. எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், மெத்தையோடு.

விருந்தன்று அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டி இவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "அண்ணி, ஜூஸ் மட்டும் கொஞ்சம் குடுத்துருங்க" என்றாள். ஹாலின் நடுவில், தலைக்கு மேல் தொங்கும் விளக்கின் கீழ் பெஞ்சு கிடந்தது. தம்பியின் மேலதிகாரி அதில் சாய்ந்து உட்கார்ந்து, கம்பியைத் தட்டி, "எங்க புடிச்சீங்க இதை?" என்று கேட்டார்.

தம்பி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "எங்க அப்பா கட்டில் சார். கடைசிக் காலம் முழுக்க இதுலதான் கிடந்தார். கூடவே இருந்து நாந்தான் பாத்துக்கிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. நானே யோசிச்சு இப்படி மாத்தினேன்."

விருந்துக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளை கிடைக்கணுமே!"

பெஞ்சைத் தான் செய்ததாக அவன் சொன்னதை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அப்பாவைத் தான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"பாத்தான், பாத்தான். வாசப்படியில நின்னு, மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாத்தான்."

யாரோ வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார்கள். தம்பி முகம் சுண்டிப் போனதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மேலதிகாரி முதுகை நிமிர்த்தி, பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

"அக்கா, உனக்கு உடம்பு சரியில்ல. உள்ளே போய்ப் படு" என்றான் தம்பி, மிக மெதுவாக.

அவள் தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

அந்த வாரமே ஒரு சரக்கு ஆட்டோவில் பெஞ்சு திரும்பி வந்தது. ஏற்றி இறக்கியதில் ஒரு பக்கத் தடுப்பு வளைந்திருந்தது. மெத்தை வரவில்லை. வெல்டர் தானாகவே வந்து, "நிமித்திக் குடுக்கறேன், குடுங்கக்கா" என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். கீழே மாடிப்படி ஓரத்தில் போடச் சொன்னாள். குடியிருப்பவர்கள் அதன்மேல் ஹெல்மெட்டும் குடையும் வைத்தார்கள். அவள் அதைக் கடந்து ஏறுவாள், இறங்குவாள். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சொந்தத்தில் பேச்சு ஒரே மாதிரி பரவியது. தனியாகவே கிடந்து அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பாவம், தம்பிதான் பொறுத்துப் போகிறான் என்று. நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவது நின்றது. விளக்கம் கேட்டு ஒருவர்கூட வரவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. கொஞ்ச நாள் அதையெல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதுவும் சலித்துப் போயிற்று.

பழைய இரும்பை உருமாற்றித் தருகிறாள் என்று தெருவில் தெரிந்துவிட்டதால் வேலை மட்டும் வந்துகொண்டிருந்தது. மடக்கு நாற்காலி, கோப்பு அலமாரி, உடைந்த ஸ்டூல் என்று ஏதாவது ஒன்று மொட்டை மாடியில் காய்ந்துகொண்டே இருக்கும். கட்டில் என்றால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தாள். செருப்பு வைக்கும் பெட்டியாக்க வேண்டுமாம். பெட்டியை இறக்கி வைத்து, ஆற அமர உட்கார்ந்து, பேச்சுவாக்கில் சொன்னாள்:

"உங்க தம்பி ஆபீஸ்லதான் எங்க மருமகன் இருக்கார். உங்க தம்பியைப் பத்தி அப்படிப் பெருமையாச் சொல்றார்! உங்க அப்பாவைக் கடைசி வரைக்கும் கையில வச்சுத் தாங்கினாராமே. குடுத்து வச்சவரு உங்க அப்பா."

லேப் அக்கா உப்புத்தாளைக் கையில் மடித்துக்கொண்டாள். பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி, கீலை அசைத்துப் பார்த்தாள்.

"மேல தட்டு ஒண்ணு போதுமா, இல்ல ரெண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.