திறந்து பார்க்காத கோப்புகள்

ஸ்கூடாய் நகரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக இதே பிழைப்பு. இப்போது வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே குறைதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை விண்டோஸ் 11 ஏற்க மாட்டேன் என்கிறது; பழைய 10-க்கோ ஆதரவு முடிந்துவிட்டது. நல்லாத்தானே இருக்கிறது, ஏன் தூக்கிப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் இதற்கு வாய் கூசாமல் பதில் சொல்வேன். பழையது செத்துவிட்டது, மாறித்தான் ஆகவேண்டும் என்பேன். அக்கா போன பிறகு அந்தப் பதில் எனக்கு வருவதில்லை.

நான் தொழில் பழகியது டாஸ் காலத்தில். கறுப்புத் திரை, மூலையில் விட்டு விட்டு மின்னும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். கட்டளையை ஓர் எழுத்து பிசகாமல் தட்டினால்தான் அசையும். பிசகினால் ஒற்றை வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பேச வைக்கத் தெரிந்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பிறகு விண்டோஸ் 95 வந்தது. படத்தைத் தொட்டால் போதும் என்றானதும் என் வித்தையில் பாதி போயிற்று. ஆனால் வியாபாரம் பெருகியது. மவுஸைத் தூக்கித் திரையிலேயே வைத்துத் தேய்த்த ஒரு பெரிய மனிதருக்குச் சீட்டாட்டத்தைத் திறந்துகொடுத்து உட்கார வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கை பழகிவிட்டது; ஆனால் எழுந்து போகத்தான் மனம் வரவில்லை.

அடுத்து 98. அதற்கடுத்துப் பச்சைக் குன்றும் நீல வானமுமாக எக்ஸ்பி. அதை நேசித்ததுபோல் மக்கள் வேறெதையும் நேசிக்கவில்லை. விஸ்டாவைத் திட்டித் தீர்த்தார்கள். 7 வந்ததும் சமாதானம் ஆனார்கள். 8 வந்தபோது இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணவில்லை என்று நாளுக்கு நாலு பேர் போன் செய்தார்கள். நான்தான் எடுத்து ஒளித்து வைத்ததுபோல் என்மேல் கோபம்.

இத்தனை மாற்றத்திலும் என் வேலை மட்டும் மாறவில்லை. பழைய வீட்டிலிருந்து சாமான்களை எடுத்துப் புது வீட்டில் இறக்கிவைக்கிற வேலை. அதில் நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். வாடிக்கையாளரின் கோப்பு எதையும் திறந்து பார்க்கக்கூடாது. மொத்தம் எத்தனை கோப்பு, எவ்வளவு அளவு என்று இரண்டு பக்கமும் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மிச்சமில்லாமல் அழித்துவிடுவேன். மற்றவர்களின் கடிதமும் படமும் என் கண்ணில் படக்கூடாது, வேறு யார் கையிலும் சிக்கவும் கூடாது. இதை ஒரு பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

என் அக்கா மாசாய் ஊரில், தாமான் என்கிற வீடமைப்புக் குடியிருப்பில் ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. அவள் கணவர் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாங்கிக்கொடுத்த எக்ஸ்பி கணினியைத்தான் அக்கா விடாமல் வைத்திருந்தாள். ஏதோ தட்டிக்கொண்டே இருப்பாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், சும்மா என்பாள். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

அவள் தமிழ் எழுதியது இந்தக் காலத்து முறையில் அல்ல. அந்த நாளில் விண்டோஸுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நம் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்துவைத்து, அதற்கு ஃபாண்ட் என்று பெயர் வைத்தார்கள். கணினி தன் பாட்டுக்கு ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் நமக்குத் தமிழ் தெரியும். ஆளுக்கொரு ஃபாண்ட், ஒன்றுக்கொன்று ஒட்டாது. அக்காவுடையது, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அறிக்கை அடித்துக்கொடுத்த அச்சகக்காரர் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்த ஒன்று. வேறு எங்கும் இல்லாதது. பின்னால் தமிழுக்கு உலகம் முழுக்கப் பொதுவாக யூனிகோடு வந்தபோதும் அவள் மாறவில்லை. விரல் அதற்குப் பழகிவிட்டது என்றாள்.

எனக்கு அந்தக் கணினி ஒரு மானப்பிரச்சினை. ஊருக்கெல்லாம் புதிது போட்டுக்கொடுக்கிறவனின் அக்கா, செத்துப்போன எக்ஸ்பியில் உட்கார்ந்திருக்கிறாள். போகும்போதெல்லாம் நச்சரித்தேன். கடைசியில் ஒருநாள் அது திறக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அன்றைக்குச் சரி என்றாள். மறுநாள் நான் போனபோது ஒரு பழைய துண்டில் சுற்றி, காரின் பின் இருக்கையில் அவளே வைத்தாள்.

கடையில் வழக்கம்போலச் செய்தேன். கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போனது, அளவும் ஒத்துப்போனது. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பழைய டிஸ்க்கை அழித்தேன். எக்ஸ்பியின் உள்ளே தனியாக ஒரு மூலையில் இருந்த அந்த ஃபாண்டும் அதோடு அழிந்தது. அவள் எழுதியது எல்லாம் பத்திரமாக இருந்தது. அதைத் தமிழாகக் காட்டத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான் இல்லாமல் போயிற்று.

புதுக் கணினியை மாசாயில் வைத்துத் திறந்தபோதுதான் பார்த்தோம். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், தலையில் புள்ளியும் கொக்கியுமாக. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“என் எழுத்தெல்லாம் எங்கடா தம்பி?”

“ஃபாண்ட் மட்டும்தான்கா இல்ல. சின்ன வேல லா. ஞாயித்துக்கிழம வந்து சரி பண்ணிடறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அச்சகக்காரரைத் தேடிப் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது, அவர் காலமாகி வெகுநாளாகிவிட்டது என்றார்கள். வேறு பழைய ஃபாண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். பத்துக்கு மூன்று எழுத்துதான் சரியாக வந்தது. மிச்சத்தைக் கையால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு செய்யலாம் என்று வைத்துவிட்டேன். அந்த ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை. கடையில் கூட்டம். உண்மையைச் சொன்னால், என் தொழிலில் நானே பிழை செய்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

புதிதாக எழுதலாமே என்று யூனிகோடு விசைப்பலகையைக் காட்டிக்கொடுத்தேன். எழுதின இடத்திலிருந்துதான் தொடர முடியும் என்றாள். என்ன பிடிவாதம் இது என்று எரிச்சலாக இருந்தது. மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை நான் தீபாவளி முடியட்டும் என்றேன். பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும் என்றாள். அதன் பிறகு கேட்கவே இல்லை. நான் அவளைப் பார்க்கப் போகாமல் இல்லை. போவேன், சாப்பிடுவேன். கணினிமேல் துணி போர்த்தியிருக்கும்.

போன வருடம் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். பேச்சு வரவில்லை. வலது கை விரல்கள் மட்டும் படுக்கை விரிப்பில் எதையோ தட்டுவதுபோல் அசைந்துகொண்டே இருந்தன. தாதியர் அது நரம்புக் கோளாறு என்றார்கள். இருக்கலாம். எனக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அவள் அலமாரியில் அந்த விளையாட்டுப் போட்டி அறிக்கை இரண்டு பக்கம் அச்சில் கிடைத்தது. அதே அறிக்கையின் கோப்பும் கணினியில் இருந்தது. காகிதத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் கொக்கி ‘க’, இந்தப் புள்ளி ‘வி’ என்று பட்டியல் போட்டேன். விடுபட்டதைச் சொற்களின் போக்கை வைத்து ஊகித்தேன். எல்லாவற்றையும் மாற்றித்தரும் ஒரு சின்ன நிரலையும் எழுதினேன். மொத்தம் மூன்று காலைப்பொழுது ஆனது. இரண்டு வருடம் தள்ளிப்போட்ட வேலை, வெறும் மூன்று காலைப்பொழுது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒன்றைத் திறந்தேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக இன்னொருவரின் சொந்த எழுத்தைப் படித்தேன். கோப்புகளுக்கெல்லாம் தேதிதான் பெயர். முதல் சொல் ‘என்னங்க’ என்று இருந்தது.

அடுத்ததும் ‘என்னங்க’. அதற்கடுத்ததும். மாமா இறந்த மறுமாதத்திலிருந்து ஒருநாள் விடாமல் அவருக்கு எழுதியிருக்கிறாள். எல்லோரின் தமிழையும் திருத்துகிறவள், அவரிடம் மட்டும் வீட்டில் பேசுகிறபடியே பேசியிருக்கிறாள். குழாயில் தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டில் கல்யாணம், பலாக்காய் கறியில் உப்பு கூடிப்போனது. நானும் நிறைய இடத்தில் வருகிறேன். தம்பி வந்தான், முகம் வாடியிருந்தது, கடையில் என்ன தொல்லையோ, கேட்டால் சொல்ல மாட்டான் என்று. அதைப் படித்தபோது அடக்க முடியாமல் அழுதேன். வெறும் எழுதுகிற ஆசையினால் அல்ல அவள் என்னைக் கேட்டது. அவரோடு இருந்த பேச்சை நான் அறுத்துவிட்டேன், அதை ஒட்டிக்கொடு என்றுதான் மூன்று முறை கேட்டிருக்கிறாள். இரண்டு வருடம் அவள் அந்த வீட்டில் யாரோடும் மனம்விட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

கடைசிக் கோப்பு, நான் கணினியைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்கு முந்தின நாள் எழுதியது. நாலே வரி.

“என்னங்க, கம்ப்யூட்டர் ரொம்ப முடியாம இருக்கு. நாளைக்குத் தம்பி வந்து எடுத்துட்டுப் போறான். நம்ம தம்பிதானே, பத்திரமா பாத்துக்குவான். ஒரு ரெண்டு நாள் எழுத முடியாது, தேடாதீங்க.”