கதவு மூடுமுன் காரணம் கேட்டவர்

யோகா அக்காவின் மகள் துளசியின் அழைப்பு வந்தபோது வேலைக்குப் போகக் காரில் ஏறியிருந்தேன். “அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா” என்றாள். அக்கா சுகமில்லாமல் இருந்தது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த கல்விச்சபைக் கூட்டத்தில் பேசாமல் போகமாட்டார் என்றே நமது டோர்செட் பார்க் பெற்றோர் குழுவில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

நமது கட்டடங்களிலிருந்து சின்னப் பிள்ளைகளை ஏற்றிப்போன பாடசாலை பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல்முறை கல்விச்சபைக் கூட்டத்துக்குப் போன மாலையை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த விடயம் வந்ததும், இனி மூடிய அமர்வு, பொதுமக்கள் வெளியே போகலாம் என்றார் தலைவர். நாம் எழும்பினோம். அக்கா எழும்பவில்லை. என்ன காரணத்துக்காக மூடுகிறீர்கள் என்று கேட்டார். காணி, வழக்கு, ஊழியர் விவகாரம் போன்ற சிலவற்றுக்குத்தான் சட்டம் கதவை மூட விடுகிறது. பஸ் அவற்றில் எது என்றார். தலைவர் அருகிலிருந்த அதிகாரியிடம் குனிந்து பேசினார். பிறகு நம்மை உட்காரச் சொன்னார்.

வாக்கெடுப்பில் தோற்றோம். “அக்கா, உள்ளுக்கை இருந்து என்ன பிரயோசனம்? பஸ் போயிட்டுதே” என்றேன் கார் தரிப்பிடத்தில்.

“ஓம், போயிட்டுது. ஆனா ஆர் ஆர் கை உயர்த்தினவை எண்டு கண்டனாங்கள்தானே. இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறதெண்டு தெரியும்.”

துளசி அப்போது பல்கலைக்கழக மாணவி. பஸ் இல்லாமல் கென்னடி ரோட்டைக் கடந்து நடக்கவேண்டியிருந்தவர்கள் மற்றவர்களுடைய பிள்ளைகள்.

அக்கா ஒவ்வொரு உறுப்பினராகத் தேடிப்போனார். முடிவை மறுபடி ஆராய அவர்கள் இணங்கியபோது அவர் ஆஸ்பத்திரியில். இணையவழி பேச அனுமதித்தார்கள். மண்டபத்துத் திரையில் அவர் முகம் தெரிந்தது, உதடுகள் அசைந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. அது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே இருந்தார். சரிசெய்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். “நல்லாக் கதைச்சனானோ?” என்று ஆவலாகக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப திரும்பக் கதைக்கிறன்” என்றார்.

மிகவும் களைத்திருந்தார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை; கூட்டத்தில் கேட்கத்தானே போகிறோம் என்றிருந்தேன். அந்தக் கூட்டம் இனித்தான் நடக்கவிருக்கிறது. பஸ் இன்னும் ஓடவில்லை. அக்காவின் குரலில் என்னிடம் கடைசியாக மிஞ்சியிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான்: திரும்பக் கதைக்கிறன்.