ஆயிரத்து நூறு பேரில் ஒருவர்

ஆல்வின் டிரெஸ்லர் லேசில் யாரையும் நம்பமாட்டார். ஹார்லன்டனில் முப்பத்தெட்டு வருஷம் தபால்காரர். எந்தக் கதவைத் தட்டினாலும், 1959 ஆகஸ்டில் ஊர் அணியான மில்லர்ஸின் பந்து எறிபவர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஜெயித்த பேஸ்பால் ஆட்டத்தை நேரில் பார்த்ததாக ஒருவர் அளப்பார். மைதானம் கொள்வதோ ஆயிரத்து நூறு பேர். இவரிடம் அளந்தவர்களே மூவாயிரம் தேறுவார்கள்.

அதனால் ஆளை மடக்குவார். "ஏழாவது இன்னிங்ஸ்ல கூட்டம் என்ன கத்துச்சு?"

"இன்னும் ஒரு ஹிட்டும் விழலைன்னு கத்தினோம்!" என்றால் ஆள் காலி. அப்படிப்பட்ட ஆட்டத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். திருட்டுப் பயல்கள்!

இப்போது நூலகர் லொரெய்ன் மில்லர்ஸின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாள். அந்த ஆட்டத்துக்கு உண்மையாகவே வந்திருந்தவர்களின் பட்டியல் அதில் வரப்போகிறது. எண்பத்தாறு வயதில் ஆல்வினுக்கு இருந்த ஒரே ஆசை, அதில் தன் பெயர்.

மகள் கொரின் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவரை நூலகத்துக்குக் காரில் கூட்டிவந்தாள். அவள் பிறந்ததும் அந்த ஆட்டம் நடந்த நாளில்தான். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் பந்து பார்க்கப் போன அப்பா என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதாகச் சொல்லி ஆல்வின் நீட்டிய ஸ்கோர் அட்டையை லொரெய்ன் வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா, கள்ள நோட்டைப் பாக்குற மாதிரி பாக்குறே?"

"ஆறாவது இன்னிங்ஸ்ல கேட்சர் மாறினாரு சார். மறுநாள் பேப்பர்ல தப்பா பழைய ஆள் பேரையே போட்டுட்டாங்க. உங்க அட்டையிலயும் அதே தப்பு இருக்கே?"

ஆல்வினுக்கு வியர்த்தது. பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் முகமூடி போட்டிருந்தான், ஆள் மாறியது தெரியவில்லை என்று ஒரு சாக்கு நாக்கு நுனியில் நின்றது. நல்ல சாக்குதான். நம்பியும்விடுவார்கள்.

"அப்போ எங்கதாம்ப்பா இருந்தீங்க?" கொரினின் குரலில், ஆட்களை மடக்கும்போது அவருக்கு வரும் அதே சந்தேகம் இருந்தது.

மகளைப் பார்த்தார். சாக்கு வரவில்லை.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல. காலையிலேருந்து நடந்துக்கிட்டே இருந்தேன். உன் அழுகை கேட்டப்புறம்தான் உக்காந்தேன்."

"அம்மா சொல்லவே இல்லையே!"

"நான்தான் கெஞ்சினேன். ஊர்லயே பெரிய ரசிகன் அன்னைக்குப் போகலைன்னு தெரிஞ்சா, தபால் ஆபீஸ்ல ஓட்டியே கொன்னிருப்பானுங்க."

"அறுபத்தோரு வருஷம்ப்பா..." என்றாள் கொரின்.

ஆல்வின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு லொரெய்ன் தயங்கினாள்.

"அப்பா பேரை அடிச்சிடுங்க," என்றாள் கொரின், கண்ணைத் துடைத்தபடி. "நல்லா அழுத்தி அடிங்க."