கடைசிக் கூடையில் ரப்பர் வாடை

எங்கள் பக்கத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. மூக்கு போதும். தொழிற்பேட்டைக்கு மேற்கே மசாலா அரைக்கிற கம்பெனி. அங்கிருந்து காற்று வந்தால் மிளகாய் நெடி, வரிசையாகத் தும்மல். கிழக்கே ரப்பர் கம்பெனி; மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பினால் அந்த வாடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். தெற்கே பிஸ்கட். அது வீசுகிற நாளில் கேன்டீன் சாப்பாடு ஒருவருக்கும் இறங்காது. கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் பெரிய பேஜாராக இருந்தது. இந்த மூக்கை நம்பி ஒரு விளையாட்டு விளையாடுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

எங்கள் கம்பெனியில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிறார்கள். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வட்டமான தட்டுக்கு ஆர்டர் வந்தது. செக்கிங் மேஜையில் அதைத் தராசில் வைத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, சரியில்லாததைத் தள்ளி வைப்பது என் வேலை. என்னவோ டப்பா மூடி என்றுதான் நினைத்தோம். மூடினால் எதற்கும் பொருந்தவில்லை. மெயின்டனன்ஸ் சார்தான் போனில் வீடியோ போட்டுக் காட்டினார். டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு ஆட்டமாம். தூரத்தில் ஒரு கம்பத்தில் சங்கிலி தொங்கும், அதற்குக் கீழே கூடை இருக்கும். தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். யார் குறைந்த வீச்சில் போடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம்.

மானேஜரிடம் கேட்டுக் கழித்துப்போட்ட தட்டுகளில் கொஞ்சம் வாங்கிக்கொண்டார் சார். பழைய டிரம்மை வெட்டிக் கூடை செய்தார், சங்கிலியைப் பற்றவைத்துத் தொங்கவிட்டார். கம்பெனிக்குப் பின்னால் கட்டடம் கட்டாமல் கிடந்த காலி இடத்தில், வேலிக்காத்தான் புதர்களுக்கும் ரெண்டு பனைமரத்துக்கும் நடுவில், ஒன்பது கூடை நட்டோம். முதல் ஷிஃப்ட் விட்டதும் ஆட்டம்.

முதல் தட்டு என் கையை விட்டுப் போனபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி, யூனிஃபார்ம் கோட்டோடு, "ஹோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

சந்தோஷத்தைக் கெடுக்க என் நாத்தனார் இருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. அதே கம்பெனியில் மோல்டிங் மெஷினில் நிற்கிறாள். புதுவாயலில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேலைக்குப் போக வர ஒரே ஸ்கூட்டி. நான் வைக்கிற ரசத்தை அவள் இதுவரை ரசம் என்று ஒத்துக்கொண்டதில்லை. நல்ல உயரம், நீளமான கை. அவள் வீசினால் தட்டு போய்க்கொண்டே இருக்கும். நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். காற்றில்லாத நாளில் ஒரு தடவைகூட அவளை நான் ஜெயித்ததில்லை.

காற்றடித்தால் கதை வேறு. எதிர்க்காற்றைப் பார்த்ததும் எல்லாருக்கும் ரோஷம் வந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக வீசுவார்கள். தப்பே அங்கேதான். பலமாக வீச வீச, எதிர்க்காற்று தட்டின் வயிற்றுக்கடியில் புகுந்து மேலே தூக்கி வலது பக்கம் கவிழ்த்து எங்கேயோ கொண்டு போய்ப் போடும். நானும் அப்படிக் கவிழ்த்துக் கவிழ்த்து, புதருக்குள் கையை விட்டு முள் வாங்கியவள்தான். என் கையில் பலம் இல்லை. வேறு வழியில்லாமல் ஒருநாள் கனமான தட்டை எடுத்து, முட்டி உயரத்தில், தட்டின் மூக்கை, அதாவது முன் விளிம்பை, கொஞ்சம் கீழே அழுத்தி, இடது விளிம்பைச் சாய்த்து, மெதுவாக விட்டேன். அது காற்றைப் பிளந்துகொண்டு நேராகப் போனது! எந்தத் தட்டு கனம், எது லேசு, எதன் விளிம்பு தடிப்பு என்று செக்கிங் மேஜையில் தினமும் தடவிப் பார்க்கிற கை இது. எதிர்க்காற்றுக்குக் கனம், முதுகுக் காற்றுக்கு லேசு. லேசானதைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் பின்னாலிருந்து வருகிற காற்றே அதைச் சுமந்துபோகும். கனமானதை அந்தக் காற்றில் தாழ்வாக விட்டால் சட்டென்று இடது பக்கம் இறங்கிவிடும். இவ்வளவுதான் ரகசியம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்திக் கல்லைத் தூக்கிப் பார்த்து, "இது எதிர்க்காத்துக்கு" என்றேன். வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரில் ஒரு போட்டி என்று சார் வந்து சொன்னார். வேனில் போய், ரெண்டு ராத்திரி தங்கி, விளையாடிவிட்டு வரலாம். பெண்கள் பிரிவில் எங்களுக்கு ஒரே ஒரு இடம்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் வெளியூரில் தங்கியது பிரசவத்துக்கும் சாவுக்கும்தான். எனக்காக, நான் மட்டும், ஒரு பையை எடுத்துக்கொண்டு ஒரு ஊருக்குப் போனதே கிடையாது. வேனில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பது போலப் பகலிலேயே கனவு வர ஆரம்பித்துவிட்டது.

நாத்தனாரும் விடுவதாக இல்லை. "நீ போய்ட்டா ஊட்ட யாரு பாத்துக்குவா அண்ணி? நான் போறேன்" என்றாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "நீ போய்ட்டா மட்டும் ஊடு இடிஞ்சு உழுந்துடுமா?" என்றேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "யாரு ஜெயிச்சாலும் எனக்கு சந்தோசம்தான்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எளாவூரில் வண்டி நிற்கிறது என்று கிளம்பிப் போனார். ஒன்பது கூடை, ஒரே ஆட்டம், ஜெயிக்கிறவள் போகட்டும் என்று சார் முடிவு செய்தார்.

ஆடி மாதம். அன்றைக்கு ஷிஃப்ட் விட்டு வெளியே வந்ததும் மிளகாய் நெடி முகத்தில் அடித்தது. மேற்குக் காற்று, அதுவும் என்ன காற்று! பனையோலை சடசடவென்று அடித்துக்கொண்டது, கேட்டில் நின்ற லாரியின் தார்ப்பாய் பறந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. நாத்தனாருக்கு ரெண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைத்திருந்தது. மிளகாய்க்குக்கூட அவள் தும்மவில்லை. மூக்கை நம்பமுடியாததால் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியின் காற்றுப் பையைப் பார்த்துப் பார்த்து வீசினாள். கேஸ் கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக, உயரமான கம்பத்தில் மாட்டியிருக்கிற ஆரஞ்சு நிறத் துணிப் பை அது. காற்று புகுந்தால் உப்பிக்கொண்டு, காற்று போகிற பக்கம் நீட்டி நிற்கும்.

முதல் ஐந்து கூடையும் எனக்குத் திருவிழாதான். அவள் பலமாக வீசியதெல்லாம் கவிழ்ந்தது. நான் தாழ்வாக, மெதுவாக, முட்டி உயரத்தில் போய்க்கொண்டே இருந்தேன். மூன்று வீச்சு முன்னால் இருந்தேன். மனசுக்குள் பெட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டேன்.

ஆறாவது கூடையில் காற்று நின்றது.

இலைகூட அசையவில்லை. மேற்குக் காற்று அடங்கிக் கடல் காற்று வருவதற்கு நடுவில் சில நாள் அப்படி ஒரு அமைதி வரும். அது ஏன் இன்றைக்கு வர வேண்டும்? நாத்தனார் நீளக் கையை வீசினாள், தட்டு போனது போனதுதான். ஆறில் ஒன்று பிடித்தாள், ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று. சரிக்குச் சரி. எனக்கு உள்ளங்கையெல்லாம் வியர்த்துவிட்டது. "இன்னா அண்ணி, உன் காத்து ஊட்டுக்குப் போய்ட்சா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே அவளை நான் ஜெயித்தாக வேண்டும் என்றிருந்தது.

ஒன்பதாவது, கடைசிக் கூடை மேற்குப் பார்த்தது. இடது பக்கம் நெடுக மழைநீர்க் கால்வாய். அதில் தட்டு விழுந்தால் ஒரு வீச்சு அபராதம். எட்டாவதில் அவள் ஜெயித்திருந்ததால் அவள்தான் முதலில் வீச வேண்டும். அண்ணாந்து பையைப் பார்த்தாள். அது கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது. மேற்குக் காற்று, அதாவது எதிர்க்காற்று. இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் போல, கனமான தட்டாக எடுத்தாள். முட்டி உயரத்துக்குக் குனிந்து ஒத்திகை பார்த்தாள்.

அந்த நேரம் என் மூக்கில் ரப்பர் வாடை ஏறியது.

கழுத்துக்குப் பின்னால் தெரிந்தும் தெரியாமலும் ஜில்லென்றது. கடல் காற்று வந்துவிட்டது! அப்படியானால் பை ஏன் இன்னும் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது? நன்றாகப் பார்த்தேன். முன்னே அடித்த மேற்குக் காற்றில் அதன் வால் கம்பத்து ஏணிக் கம்பியில் சிக்கிக்கொண்டிருந்தது. வால்தான் கிழக்கே இருந்ததே தவிர, வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. காற்றுப் புகுந்த பை அப்படி இருக்காது.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவள் கனமான தட்டை முதுகுக் காற்றில் தாழ்வாக வீசுவாள், அது நேராகக் கால்வாய்க்குப் போகும், நான் பெங்களூருக்குப் போவேன். அவரவர் காற்றை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஆட்டத்துக்கே வழக்கம். ஆனால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அதோடு, ஒரு தட்டு தப்பான காற்றில் போகப் போகிறது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நிற்பது, உப்புப் போடாத குழம்பை யாரோ இறக்குவதைப் பார்ப்பது மாதிரி. என்னால் முடியாது.

"ஏய்! பை கம்பில மாட்டிக்கினு கீதுடி. காத்து பின்னால இருந்து வருது. லேசு தட்டு எடு!"

திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு காது குத்துற அண்ணி?"

"ரப்பர் வாடை வருதுடி!"

"எனக்கு ஒண்ணும் வர்ல."

"உனுக்கு எப்டி வரும், அட்ச்சிக்கினு கீற மூக்குல?"

"கடைசிக் கூடைல வந்து எனக்கு வழி சொல்றியா? நல்லா இருக்குது உன் கதை" என்று சொல்லி, திரும்பி, வீசினாள். கனமான தட்டு, தாழ்வாக, அழகான வீச்சு. பாதி தூரம் போனதும் பின்னால் வந்த காற்று அதை அழுத்தியது. இடது பக்கம் சடாரென்று இறங்கிக் கால்வாய்க்குள் போய்விட்டது.

நான் லேசான தட்டை எடுத்து, தோளுக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி விட்டேன். கடல் காற்று அதைக் கையில் வாங்கிக்கொண்டு போயிற்று. என்ன போக்கு அது! கூடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் விழுந்தது. கத்த வாயைத் திறந்துவிட்டேன், அதற்குள் அவள் கால்வாய் ஓரத்தில் போய் நின்றிருந்தாள். அபராதத்தோடு அவளுக்கு இது மூன்றாவது. முகம் சிவந்திருந்தது. குறுக்கே அடிக்கிற காற்றில், அவ்வளவு தூரத்திலிருந்து, யாராலும் முடியாத வீச்சு ஒன்றை வீசினாள். சங்கிலி ஜல்லென்றது. தட்டு கூடைக்குள்!

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நானே என்னை மறந்து கை தட்டிவிட்டேன், பிறகுதான் என் நிலைமை உறைத்தது. இதைப் போட்டால் எனக்கு ரெண்டு, நான் போகிறேன். தவறவிட்டால், அடுத்ததை நல்லபடி போட்டாலும் மூன்று, சரிக்குச் சரி; மறுபடி ஒரு கூடை ஆட வேண்டும். அவள் இருக்கிற வேகத்தில் அதில் என்னைத் தின்றுவிடுவாள்.

கூடையைத் தாண்டி விழுந்ததால் இப்போது நான் கிழக்கே பார்த்துப் போட வேண்டும். எதிர்க்காற்று. ரப்பர் வாடை மூக்கில் நேராக அடித்தது. சங்கிலியின் நடுவைப் பார்த்துப் போட்டால் காற்று தூக்கி மேலே கொண்டு போய்விடும். கூடை விளிம்புக்குச் சற்று மேலே குறி வைத்தேன். கனமான தட்டு. தட்டின் மூக்கைக் கீழே அழுத்தினேன். விட்டேன். அது நடுவழியில் என் கண்ணெதிரே மேலே எழும்பியது, எழும்பியது, சரியாகச் சங்கிலியின் நடுவில் போய் இடித்து, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

நான் குதித்தேன். கத்தினேன். வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைத்து ஏறியதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், பனைமரத்தைக்கூடத் தட்டிக்கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பிப் போகும்போது நான் ஸ்கூட்டியை ஓட்டினேன், நாத்தனார் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கல்கத்தா ரோட்டில் லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. "நான் சொன்னேனே, சொன்னேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. தோற்றதில் கோபம் என்று நினைத்தேன். பிறகு எனக்கே கோபம் வந்தது. ஒரே அடுப்பில் இத்தனை வருஷம் சமைத்துவிட்டு, நான் சொன்ன ஒரு வார்த்தையை இவள் நம்பவில்லையே! சந்தோஷத்துக்கு நடுவில் அது முள்ளாகக் குத்தியது.

"ஏன்டி நம்பல?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

புதுவாயல் கூட்டு ரோடு சிக்னலில் நின்றபோதுதான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அடைத்த மூக்கோடு சொன்னாள்.

"உன் எடத்துல நான் இருந்தா சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி. அதான் நம்பல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. பச்சை விழுந்து பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் என் முதுகில் ஒரு குத்து விட்டாள், பிறகு அவளும் சிரித்தாள். வண்டியைக் கிளப்பினேன்.

"ரெண்டு நாளும் நான் பாத்துக்கறேன் ஊட்ட" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா ரசம் நான் வெக்கிற மாதிரிதான் வெப்பேன்."