மாப்பிள்ளையின் டிபியில் ஒரு வெள்ளி முடிப் பையன்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்ட கை காயவில்லை, செல்வராஜ் மாமாவிடமிருந்து போன். என் அக்காவின் கணவர்.

"மச்சான், உடனே வா. மாப்ள பையனுக்கு முடியெல்லாம் நரைச்சிருக்குது. ஒரு கண்ணு வேற இல்ல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா மகள் நிவேதாவுக்குப் பங்காருபேட்டையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் தினேஷ். பெங்களூரில் வேலை. போட்டோவில் கன்னங்கரேலென்ற முடியோடும், முறையாக இரண்டு கண்களோடும்தான் இருந்தான். போட்டோ வந்து பதினைந்து நாளில் அப்படி என்ன ஆகியிருக்கும்?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தார். அன்றுதான் தினேஷின் நம்பரைப் போனில் ஏற்றியிருக்கிறார். ஏற்றியதும் அவனுடைய டிபி படம் தெரிந்திருக்கிறது. வெள்ளி நிற முடி, ஒரு கண்ணில் கட்டு, முதுகில் ஆளுயரக் கத்தி...

"அது அவரு இல்ல டாடி. அனிமே கேரக்டர். ஜப்பான் கார்ட்டூன். அவருக்குப் புடிச்ச சீரிஸ்" என்று நிவேதா பத்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பயோடேட்டா போட்டோ ஸ்டுடியோக்காரன் எடுத்தது. அதுல எல்லாரும் நல்லவனாத்தான் தெரிவான். இது அவனே தேடிப் புடிச்சு வெச்ச மூஞ்சி. ரெண்டுல எது நெசம்?" என்றார் மாமா.

நியாயமான கேள்விதானே?

மாமா இங்கே தங்க வயலில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். டிராயிங்கையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நிவேதாவுக்கு இதுவரை வந்த நான்கு வரன்களையும் ஒதுக்கிவிட்டார். ஒருவன் நடை கோணல். ஒருவன் சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கிறான். மற்ற இரண்டு பேருக்கும் காரணமே சொல்லவில்லை.

எங்கள் ஊரில் வரன் விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. "எந்த லைன் பசங்க? தாத்தா எந்த ஷாஃப்ட்ல எறங்கினாரு?" என்று சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஆரம்பித்தால் நாலாவது கேள்வியில் சொந்தமே வந்துவிடும். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இது கைவந்த கலை. தினேஷ் குடும்பத்தையும் அப்படி விசாரித்தாயிற்று. ஒரு குறையும் இல்லை.

"மாப்ளயை விசாரிச்சாச்சு, சரி. இவனை யாரு விசாரிக்கிறது?" என்று மாமா டிபியைத் தட்டிக் காட்டினார்.

விசாரித்தோம். டிவியில் அந்த சீரிஸைப் போட்டுவிட்டு நிவேதா மொழிபெயர்த்தாள். அக்கா காபியோடு வந்து உட்கார்ந்தாள்.

"பையன் இன்னா பண்றான்?"

"ஸ்கூல் படிக்கிறான் மம்மி."

"அப்பா அம்மா?"

"செத்துட்டாங்க."

"அடப் பாவமே! ரெண்டு பேருமா? எப்படி?"

நிவேதா தயங்கினாள். "அவனோட அண்ணன் கொன்னுட்டான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த அண்ணன் இப்போ இன்னா பண்றான்?"

"உலகத்தையே அழிக்கப் பாக்கறான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிவியைப் பார்த்தேன். எனக்கு வேறு கஷ்டம் — ஹீரோவுக்கும் அவனுடைய டீச்சரம்மாவுக்கும் ஒரே முகம்! முடியின் நிறத்தை எடுத்துவிட்டால் அந்த ஊரில் எல்லோரும் இரட்டைப் பிள்ளைகள். இதில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று எதை வைத்துச் சொல்வது?

"நிறுத்து!" என்று மாமா எழுந்தார். டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "சைடு வியூல மூக்கு இம்மாம் நீளம் இருந்துச்சே. ஃப்ரண்ட் வியூல எங்க?"

பின்னால் ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். பக்கவாட்டில் கூர்மையான மூக்கு. நேரே திரும்பினால் ஒரு புள்ளி.

மாமா உள்ளே போய் ஸ்டீல் ஸ்கேலோடு வந்தார். கண்ணை அளந்தார். முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. இடுப்பை அளந்தார். கத்தியைவிட ஒல்லி. பழைய டைரி ஒன்றை எடுத்துக் குறைகளை எழுதிக்கொண்டே வந்தார். காற்றே இல்லாமல் முடி பறக்கிறது என்பதும் அதில் சேர்ந்தது.

"இந்த டிராயிங்க வெச்சிக்கினு எந்த ஃபேக்டரியிலயும் ஒரு மனுசனைப் பண்ண முடியாது. ரிஜெக்ட்!"

"எது ரிஜெக்ட் டாடி?" என்றாள் நிவேதா.

"ரெண்டும்தான்."

அவள் டிவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். சிங்க் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"தினமும் டிரெயின்ல நின்னுகினே பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்னு சொன்னா, முன்னாடி வந்த நாலு பேரும் வேலையை விட்ருன்னாங்க மாமா. இவரு ஒருத்தருதான், அவ்ளோ நேரம் நின்னுகினு இன்னா பாப்பீங்கன்னு கேட்டாரு. அப்போ அவரு சொன்னதுதான் இந்த சீரிஸ். தினமும் டிரெயின்ல பாத்துட்டு சாயங்காலம் போன்ல அதைப் பத்திப் பேசுவோம். எனக்கு அவரைப் புடிச்சிருக்கு மாமா. டாடிகிட்ட பேசுங்க."

அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது. தாய்மாமன் என்று பெயர். அவள் வாழ்க்கையை ஸ்கேல் வைத்து அளந்தபோது நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை, மாமாவிடம் பேச வேண்டியதையெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஜப்பான் மொழி கேட்டது. மாமா தனியாக டிவி முன்னால் உட்கார்ந்து, கீழே ஓடிய இங்கிலீஷ் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார். மடியில் டைரி.

"ரிஜெக்ட்னு சொன்னா முழுசாப் பாத்துட்டுச் சொல்லணும்ல?" என்றார், நான் கேட்காமலேயே.

டைரியை வாங்கிப் பார்த்தேன். முதல் எபிசோடுக்கு இரண்டு பக்கம் குறைகள். மூன்றாவதுக்கு நான்கே வரி. ஆறாவதுக்கு எபிசோட் நம்பர் மட்டும் இருந்தது. ஒன்பதாவதுக்கு அதுவும் இல்லை.

மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் கெட்டவன் இல்ல மச்சான்... நாமதான் அவசரப்பட்டுட்டோம்."

நான் ஒத்திகை பார்த்தது வீண்.

அன்று மாலையே கடைசி எபிசோடும் முடிந்தது. அண்ணன் மலை உச்சியிலிருந்து விழுகிறான், திரை இருண்டுவிடுகிறது. அடுத்த சீசன் இன்னும் வரவில்லை. அடுத்த இரண்டு வாரம் மாமாவுக்குச் சோறே இறங்கவில்லை என்று அக்கா புலம்பினாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரை மட்டும் வரச் சொல்லிவிட்டார்... ரிஜெக்ட்டா பாஸா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிவேதா பயந்து போய் தினேஷிடம் டிபியை மாற்றச் சொல்லிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தினேஷ், அவன் அப்பா, அம்மா. கேசரி வந்தது, போண்டா வந்தது. பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். மாமா மட்டும் தினேஷை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதா கதவருகில் நின்று அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, டிபியை மாத்திட்டீங்க போல?" என்றார் மாமா.

"உங்களுக்குப் புடிக்கலன்னு நிவேதா சொன்னாங்க அங்கிள்."

"அதை உடுங்க. அண்ணன் செத்துட்டானா, இல்லியா?"

தினேஷின் அம்மா பதறிவிட்டார். "அய்யோ, யாருங்க அண்ணன்? எங்களுக்கு ஒரே பையன்தான்!"

அவன் அப்பா, "யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க சார். பேட்டையில யாரை வேணா கேளுங்க" என்றார் பரிதாபமாக.

தினேஷுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "சீரிஸ் முழுசாப் பாத்துட்டீங்களா அங்கிள்? அண்ணனுக்கு இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியும். இது முன்னாடியே புக்கா வந்த கதைதான், நான் படிச்சிட்டேன்."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் அங்கிள்."

வருங்கால மாமனார் முதல் முதலாகக் கேட்கிறார், இவன் முடியாது என்கிறான். நிவேதா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, ஐந்தாவதும் போச்சு என்று நானும் நினைத்தேன்.

"நான் சொல்லிட்டா உங்களுக்குச் சப்புனு ஆயிடும். நீங்களே படிக்கணும். பதினாலு புக்கு, வீட்ல வெச்சிருக்கேன்."

"குடுத்து அனுப்புங்க."

"வெளிய யாருக்கும் குடுக்கறதில்ல அங்கிள்" என்று தினேஷ் போண்டாவைப் பிட்டான். "வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான்."

மாமா அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"இன்னாம்மா உக்காந்துகினு இருக்கே? காலண்டரை எடு. தை வரைக்கும் எல்லாம் என்னால தாங்க முடியாது."

நிவேதா அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தம்பிமார்களே... மாமனார் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்!