நான் நீக்கிய பெயர்

தொண்ணூறுகளில் நான் ஆசிரியை ஆனபோது, ஒரு பிள்ளை பள்ளியில் படிக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டியிருக்கும் சேர்க்கைப் பதிவேடுதான். பல வருடம் கழித்து, திண்டிவனம் பக்கம் ஒரு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தபோது, எல்லாப் பிள்ளைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். பிள்ளைக்கு ஓர் எண். எந்தப் பள்ளிக்கு மாறினாலும் அந்த எண் கூடவே வரும். பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பட்டியலையும் அதிலிருந்துதான் எடுப்பார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மற்றவர்கள் இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டைச் செருகிவிட்டு சலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் ஒவ்வொரு பள்ளியாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் இருந்தால் திரையில் அந்த வரி சிவப்பாகத் தெரியும். அதில் ஒன்றை நீக்க வேண்டும். சிவப்பு குறையக் குறைய எனக்குள் ஒரு கர்வம் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று பயந்து, வேறு பள்ளிக்குப் போனவர்களின் பெயரைச் சிலர் விடாமல் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். அதனால் சிவப்பு வரி என்றாலே பொய் என்று முடிவுகட்டப் பழகிவிட்டேன்.

அப்படி ஒரு வரி. ஒன்பதாம் வகுப்புப் பெண். ஒரு பதிவு மரக்காணம் சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துப் பள்ளியில், இன்னொன்று டவுன் பள்ளியில். பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. கிராமத்துப் பள்ளிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் யாரோ ஓர் ஆசிரியர், பஸ்ஸில் இருந்தார்.

"அந்தப் பொண்ணா? டவுனுக்குப் போயிருக்கும் மேடம். பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கிராமத்துப் பதிவை நீக்கினேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

மறு வருடம் பொங்கல் முடிந்து சில நாட்கள் ஆகியிருக்கும். காலை பத்து மணிக்கு அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், பத்தாவது லிஸ்ட்ல ஒரு பொண்ணு பேரு வரல. டெய்லி ஸ்கூலுக்கு வர்ற பொண்ணு. கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சு போல. இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணியோட லிஸ்டைப் பூட்டிடறாங்களாம்."

பெயரைச் சொன்னார். நீக்கியவர் யார் என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். என் லாகின். அவர் இன்னும் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை.

"பாக்குறேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

விழுப்புரத்தில் மாவட்ட அலுவலகத்தைக் கேட்டால், இரண்டும் வேறு வேறு பிள்ளைகள் என்று நிரூபித்தால்தான் சேர்க்க முடியும், நேரில் வாருங்கள் என்றார்கள். கிராமத்துத் தலைமையாசிரியரைப் பதிவேட்டோடும் பெண்ணோடும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லிவிட்டு, நான் டவுன் பள்ளிக்கு ஓடினேன். அங்கிருந்த தலைமையாசிரியை பதிவேட்டைத் தர மறுத்தார்.

"ரெஜிஸ்டர் இந்த காம்பவுண்ட விட்டு வெளிய போவாதுங்க. வேணும்னா பொண்ண கூட்டிக்கினு போங்க. அவங்க அம்மாவ கேட்டுட்டு."

அம்மா மார்க்கெட்டில் பூ விற்பவர். அவரைத் தேடிப் பிடித்து, விஷயத்தை விளக்கி, பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு சேர்ந்தபோது மணி ஒன்று. கிராமத்துப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த நிலத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கால் நகத்தில் மண் காயவில்லை.

பஸ்ஸில் அந்த இரண்டு பெண்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பம். அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நாலைந்து புனிதர்களின் பெயர்தான் சுற்றிச் சுற்றி வரும். பெண்ணின் பெயரும் அப்பாவின் பெயரும் எப்படி ஒத்துப்போயின என்று அப்போதுதான் உறைத்தது.

"உனக்கும் அதே பொறந்த நாளா?" என்று டவுன் பெண் கேட்டாள்.

"அது ஸ்கூல்ல எழுதனது. கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தப்ப எழுதனது வேற" என்றாள் கிராமத்துப் பெண்.

"எனக்குந்தான்!"

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது சரியாக வரவேண்டும் என்பதற்காக நாங்கள், ஆசிரியர்கள், தலைமுறையாக எழுதிவந்த ஒரே தேதி அது. நானே எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். அந்தத் தேதியை நம்பித்தான் இவளை நீக்கியும் இருக்கிறேன்.

விக்கிரவாண்டி தாண்டும்போது அப்பா என் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பெரியவள பத்தாவது பெயிலானதும் திருப்பூர் கம்பெனிக்கு அனுப்பிட்டோம் டீச்சர். இவதான் படிக்கிறேன்னு நிக்கிறா. நீங்க இல்லன்னா எங்களுக்கு யாரு கீறாங்க? ஆண்டவர் உங்கள நல்லா வெச்சிருப்பாரு." நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விழுப்புரம் அலுவலகத்தில் கரண்ட் இல்லை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. நாலு மணிக்கு வரும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கிராமத்துப் பெண் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கம் மட்டும் புரளவே இல்லை. நாலே கால் ஆனது. நாலு இருபதுக்கு மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தோம்.

அதிகாரி இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். பதிவேட்டில் எழுதியிருந்த மச்சத்தைக் கழுத்தில் தேடிப் பார்த்தார்.

"சரி, ரெண்டு பேர்தான். ஒத்துக்கறேன். எப்படிப் போச்சு?"

"சாஃப்ட்வேர் தப்பு சார்" என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரி தலையை ஆட்டினார். "அப்படின்னா இங்க ஒண்ணும் பண்ண முடியாது. சென்னைக்கு எழுதணும். வர ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள லிஸ்ட் போயிடும். யாராவது தெரியாம நீக்கியிருந்தா, அவங்களே எழுதிக் குடுத்தா, நான் இங்கயே திரும்ப ஏத்தலாம்."

நான் மேசைப் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"நான்தான் சார் நீக்குனேன்" என்றேன். "டபுள் என்ட்ரின்னு நெனச்சு. சரியா விசாரிக்கல."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே பார்த்தார். அதிகாரி ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "எழுதுங்க. இது மேல போகும், தெரியும்ல?"

தெரியும் என்று சொல்லி எழுதினேன். மூன்று வரிதான். என் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "ஒரு வார்த்த வூட்டாண்ட வந்து கேட்டிருக்கலாமே. நாங்க அங்கதான கீறோம்."

நான் தாளை அதிகாரியிடம் நீட்டினேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் ஊழியர் தட்டினார். பக்கம் திறக்கவில்லை. மாவட்டம் முழுக்க அதே நேரத்தில் அதே வாசலை முட்டிக்கொண்டிருந்தது. திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து. நாலு ஐம்பதுக்கு உள்ளே போனது. பதிவைத் திரும்ப எழுப்பினார். பத்தாம் வகுப்புக்கு மாற்றினார். பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னதும் திரை வெள்ளையாக நின்றுவிட்டது.

"வருமா மிஸ்?" என்று கேட்டாள் கிராமத்துப் பெண். அன்று முழுக்க என்னிடம் அவள் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

"வரும்" என்றேன். எனக்குத் தெரியாது.

அஞ்சுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பட்டியல் வந்தது. டவுன் பெண்தான் முதலில் பார்த்தாள். விரலை நீட்டி, தன் பெயராகவும் இருந்த அடுத்தவளின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். கிராமத்துப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன், மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் நீக்கியிருந்த எல்லாப் பெயர்களையும் அச்செடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெரும்பாலானவை நான் நினைத்தது போல வெறும் பெயர்கள்தான். ஒருவன் மட்டும் உயிரோடு, ஏழாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனைத் திரும்ப ஏற்றினேன். அவனுக்கோ அவன் வீட்டுக்கோ இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்தக் கிராமத்துப் பெண் பாஸானாள். கணக்கில் சுமாரான மார்க்தான். டவுனில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள் என்று தலைமையாசிரியர் போனில் சொன்னார்.

அப்பாவை ஒரே ஒருமுறை பார்த்தேன், இரண்டு வருடம் கழித்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். அவரே கிட்டே வந்தார்.

"இன்னும் அந்தக் கம்ப்யூட்டர் வேலதானா டீச்சர்?"

"ஆமாங்க."

சின்னவள் நர்சிங் சேரப்போகிறாள் என்றார். அவருடைய பஸ் வந்தது.

"பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.