லின் அக்கா அடித்த வரிகள்

தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பிற்பகல். தீசிஸ் ஒப்படைக்க ஒரு மாதம்கூட இல்லை. கவிதா என் அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"லின் அக்கா பேட்டியைத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க சார். முக்காவாசி அடிச்சுப்போட்டாங்க" என்றாள்.

கோவையில் ஒரு கல்லூரியின் ஊடகவியல் துறையில், ஓய்வுபெறும் வரை நான் ஆய்வு நெறியாளராக இருந்தேன். கவிதா என் கடைசி மாணவி. அவிநாசிக்காரி. அவள் அப்பா சீனாவிலிருந்து பனியன் துணி நெய்யும் மெஷின்களை இறக்குமதி செய்பவர். அவருக்கு மொழிபெயர்க்கச் சீனம் கற்றவள், அந்த நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் மூழ்கி ஆய்வுக்கு வந்துவிட்டாள். அரசுத் தணிக்கையில் காட்சி வெட்டப்பட்ட இடத்தைப் பார்வையாளர்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி.

லின் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். சீனாவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளும் அவரும் ஒரே தொடரை ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். மூல நாவலை அம்மா படித்திருந்தார். எங்காவது காட்சி தாவினால் மகளுக்குப் போன் செய்து, விடுபட்டதைக் கதையாகச் சொல்வார். வீடியோ காலில் கவிதாவிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே இருந்தார். தீசிஸில் பார்வையாளர் பேசும் ஒரே அத்தியாயமான ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

பேட்டியை எழுத்தாக்கி, கொடுத்தவரிடமே காட்டி ஒப்புதல் வாங்குவது எங்கள் துறை வழக்கம். பெரும்பாலோர் ஒன்றிரண்டு பிழைகளைத் திருத்துவார்கள், அவ்வளவுதான். லின் அக்கா திருப்பியதில் போன் இல்லை, நாவல் இல்லை, மகளே இல்லை. சாப்பாட்டுக்குப் பின் டிவி பார்ப்பதும், நடிகையின் உடை பிடித்திருந்ததும் மட்டும் மிச்சம்.

ஊர் பேர் எல்லாம் மறைத்துவிட்டோமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். புதிதாகப் பேட்டி எடுக்கக் காலமில்லை. கால நீட்டிப்பும் முடிந்திருந்தது.

"அவங்க வேண்டாம்னுட்டாங்க சார். இனி அது நம்முளுது இல்லீங்க."

அன்றே அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாள்.

தை மாதம் வைவா, வாய்மொழித் தேர்வு. வேன் நிறைய உறவினர்கள் வந்திருந்தார்கள். அவள் பெரியப்பா என்னிடம், "சீனாக்காரங்க டிவி பாக்கறதுக்கு டாக்டர் பட்டமுங்களா? எங்கூட்டுக்காரி நாள் பூரா சீரியல் பாக்குறாளுங்க, அவளுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தீசிஸைப் புரட்டியபடி, "வெட்டுன காட்சி எல்லாம் இருக்கும்மா. பாத்தவங்க எங்கே?" என்று கேட்டார்.

கவிதா தண்ணீர் குடித்தாள். "பேசுனாங்க சார். எழுத அனுமதி இல்லீங்க."

பட்டம் கிடைத்தது, பார்வையாளர் தரவு போதாது என்ற குறிப்போடு. மேலாய்வுக்கு அவள் நம்பியிருந்த உதவித்தொகை அந்தக் குறிப்பால் நின்றுபோனது. இப்போது அப்பாவின் மெஷின் ஆபீஸில் இருக்கிறாள்.

சொன்னது எதையும் பயன்படுத்தவில்லை என்று லின் அக்காவுக்கு எழுதினாள். வந்த பதிலை எனக்குப் படித்துத் தமிழில் சொன்னாள்: "நன்றி. மகள் இப்போதும் தினமும் கூப்பிடுகிறாள். மழை, வெயில் பற்றிப் பேசிக்கொள்கிறோம்."

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. கவிதா கேட்கும் வரை அது அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும் பேச்சு. நாங்கள் கேட்டோம், எழுதினோம், படிக்கக் கொடுத்தோம். அரசு வெட்டியதைத் தான் மகளுக்குச் சொல்லிவந்ததை எழுத்தில் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. அத்தியாயத்தை எங்களால் எடுத்துவிட முடிந்தது. அந்தப் பேச்சைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.